டர்போ ஆயில் பைப் ஒழுகினால்: வாஷரா, புது பைப்பா, ஹோஸா?

கோத்தகிரி போய்வந்த மறுநாள் காலை, வண்டி நின்ற இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு திட்டு. பானெட்டைத் திறந்தால் கருகிய ஆயில் வாடை. பத்து வயதைத் தாண்டிய சிறிய டீசல் கார் என்னுடையது. இந்த வயதில் எங்காவது ஒழுகத்தான் செய்யும் என்று விட்டிருப்பேன். ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஈரம், புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் தலைப்பக்கம் இருந்தது. அங்கே போகிற, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத இரும்புக் குழாய், அதன் முனையில் உள்ள போல்ட், கீழே வெப்பத்தைத் தடுக்கும் தகடு எல்லாமே நனைந்து கிடந்தன.

அந்த வாரம் ஐந்து பேரிடம் கேட்டேன், ஐந்து வழி சொன்னார்கள். வாஷரை மட்டும் மாற்று. பைப்பையே மாற்று. ஹைட்ராலிக் கடையில் ஒரு ஹோஸ் கட்டிப் போடு. விரிசலைப் பற்றவை. டெஃப்லான் டேப் சுற்றி எம்சீல் வை. செலவு நாற்பது ரூபாயில் தொடங்கி நாலாயிரம் வரை போனது. இதில் எது ஒழுகலை நிறுத்தும் என்றுதான் நான் முதலில் யோசித்தேன். அப்படிப் பார்த்தால் முடிவுக்கே வர முடியாது, ஏனென்றால் ஐந்துமே நிறுத்தும் என்றுதான் சொன்னார்கள், கொஞ்ச நாளைக்காவது. குழாயின் உள்ளே ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று கேட்ட பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

இந்தக் குழாய் எதற்கு என்று முதலில் பார்த்துவிடலாம். சிறிய டீசல் கார்களின் டர்போவில் உள்ள தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றையும் தாண்டும். அந்த வேகத்தில் அது, தன்னைத் தாங்கும் உலோக வளையமான புஷ்ஷைத் தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. நடுவில் உள்ள ஆயில் படலத்தில் மிதக்கிறது. படலத்தின் கனம் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். இன்ஜின் பிளாக்கிலிருந்து அழுத்தத்தோடு ஆயிலைக் கொண்டுவந்து கொடுப்பது நம் குழாய். ஐடிலில் சுமார் 1 பார், ஓட்டத்தில் 3, 4 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றே 2 பாருக்கு மேல். ஆகவே அழுத்தம் இங்கே பெரிய விஷயம் இல்லை.

பெரிய விஷயம் சூடு. குழாயில் வரும் ஆயில் 100 டிகிரியை ஒட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கும், சூடான புகை பாயும் டர்பைன் கூடு, மலை ஏறும்போது 700 டிகிரிக்குப் போகக்கூடியது. சிறிய டீசல் டர்போக்கள் பலவற்றில் தண்ணீர் சுற்று கிடையாது. உயவும் குளிர்ச்சியும் இந்த ஆயில்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டாம் கியரில் ஏறி, டீக்கடையைக் கண்டதும் ஓரங்கட்டி உடனே சாவியைத் திருப்புவது நம் வழக்கம். ஆயில் ஓட்டம் அந்த நொடியே நிற்கும், கூட்டின் சூடு நிற்காது. குழாய் முனையில் தேங்கிய ஆயில் அதில் வெந்து கரியாகும். வடைச்சட்டியின் ஓரத்தில் வருடக்கணக்கில் ஏறும் கறுப்புப் பிசுக்கு போலத்தான். ஏறின பிறகு ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடச் சொல்வது இதற்காக.

சரி, ஒழுகுவது உண்மையில் இந்தக் குழாய்தானா? இதை உறுதி செய்யாமல் எதை வாங்கினாலும் வீண். மேலே வால்வு கவர் கேஸ்கெட் கசிந்தால் அந்த ஆயிலும் டர்போ மேல்தான் இறங்கும். இன்ஜின் உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாயிலிருந்து வரும் ஆயில் ஆவி, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் இணைப்பில் வேர்த்து நிற்கும். டர்போவின் அடியிலிருந்து ஆயில் பாத்திரத்துக்குத் திரும்பும் தடித்த குழாய் இன்னொன்று. அதில் அழுத்தம் கிடையாது, தானாக வழிந்து இறங்குவது. பிரீதர் அடைத்து இன்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறினால் அந்த இறக்கம் தடைபட்டு, டர்போவின் சீலையே தாண்டி ஆயில் வெளியே வரும். அப்போது மேல் பைப்பை எத்தனை தடவை மாற்றினாலும் பயன் இருக்காது.

நான் செய்தது சாதாரண வேலை. ஆறின இன்ஜினில் பிரேக் கிளீனர் அடித்து அந்தப் பகுதியை முழுக்கத் துடைத்தேன். காய்ந்ததும் முகப்பவுடரைத் தூவி, வண்டியை ஐடிலில் பத்து நிமிடம் விட்டு, பிறகு ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன். அழுத்தமுள்ள குழாய் என்றால் வேகம் ஏறும்போது ஈரமும் ஏறும். எனக்கு இரண்டு இடத்தில் பவுடர் கறுத்தது: டர்போ முனை போல்ட்டின் வாஷரில் கொஞ்சம், அதற்கு ஓர் அங்குலம் கீழே குழாயிலேயே ஊசிமுனை அளவு ஒரு வெடிப்பில் அதிகம்.

இனி வழிகளுக்கு வருவோம். டேப்பையும் பசையையும் முதலில் ஒதுக்கிவிடலாம். இந்த முனையில் இருப்பது பேஞ்சோ போல்ட். உள்ளே துளையுள்ள போல்ட், அதைச் சுற்றிக் குழாயின் கண், கண்ணுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு வாஷர். நம் மெக்கானிக்குகள் ஹாலோ போல்ட் என்பார்கள். இதில் ஆயிலைத் தடுப்பது வாஷரின் முகம், மரை அல்ல. மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதால் கசிவு நிற்கக் காரணமே இல்லை. ஆனால் டேப்பின் நூல் பிய்ந்து உள்ளே போகும். அது போய்ச் சேரும் இடம் டர்போவின் ஆயில் துளை. கேஸ்கெட் சிலிகானும் அப்படியே. வெளியே பிதுங்கும் அளவு உள்ளேயும் பிதுங்கும். குழாய் மேல் வைக்கும் எம்சீல், எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டாமல் சூட்டில் கழன்றுவிடும். கழன்றது தெரியாமல் நாம் ஓட்டிக்கொண்டிருப்போம். இன்ஜின் ஆயிலின் ஃப்ளாஷ் பாயிண்ட், அதாவது அதன் ஆவி தீப்பற்றத் தொடங்கும் சூடு, 200 டிகிரிக்குச் சற்று மேல்தான். எதிரே 700 டிகிரியில் பழுத்த இரும்பு. பானெட்டுக்குள் தீப்பிடித்த வண்டிகளில் இப்படி ஆரம்பித்தவையும் உண்டு.

பற்றவைப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் ஆசை இருந்தது. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு லேத் பட்டறையை நம்பாமல் இருக்க முடியுமா? பித்தளை வைத்து பிரேசிங் செய்து, கோடு தெரியாமல் தேய்த்துக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். டிராக்டரின் ஹைட்ராலிக் குழாய்க்கு நானே செய்து வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்தக் குழாயின் உள்விட்டம் சில மில்லிமீட்டர். வெளியே நெருப்பு காட்டும்போது உள்சுவரில் இரும்புச் செதில் கிளம்பும், பற்றவைக்கப் போடும் ஃபிளக்ஸ் பொடி உறையும். வளைந்த குழாயின் உள்ளே விட்டுத் தேய்க்க வழியில்லை. நாளாக நாளாக உதிர்ந்து, ஃபில்டரைத் தாண்டின பாதையில் நேராக டர்போவுக்குப் போகும். இதைக் கவனியுங்கள்: இன்ஜின் ஃபில்டர் இந்தக் குழாய்க்கு முன்னால் இருக்கிறது. குழாய்க்குள் பிறக்கும் அழுக்கைப் பிடிக்க அதற்குப் பிறகு ஆள் கிடையாது. வேறெங்கும் பாகமே கிடைக்காத பழைய இறக்குமதி வண்டி என்றால், பற்றவைப்பதை விட, பழைய முனைகளைப் புதுக் குழாயில் பொருத்தி, கழுவிக் காற்றடித்துப் போடலாம்.

வாஷர் மட்டும் மாற்றுவது நியாயமான வழிதான், ஒழுகல் வாஷரில் மட்டும் இருந்தால். ஒரு முறை நசுங்கி உட்கார்ந்த காப்பர் வாஷர் இறுகிவிடும். கழற்றி மறுபடி போட்டால் புதிய முகத்துக்கு ஏற்றபடி நசுங்காது. யாரோ முன்பு டர்போவை இறக்கி ஏற்றும்போது பழைய வாஷரையே போட்டுவிட்டால் சில மாதத்தில் வேர்க்க ஆரம்பிக்கும். பழைய மெக்கானிக்குகள் வாஷரை நெருப்பில் மங்கலான சிவப்பு வரும்வரை காட்டித் தண்ணீரில் போடுவார்கள். செம்பு இளகிவிடும். இரும்புக்கு இதையே செய்தால் கடினமாகும், செம்புக்கு நேர்மாறு. தண்ணீரில் போட்டாலும் காற்றில் ஆறவிட்டாலும் ஒன்றுதான். நல்ல கைவேலை. ஆனால் புது வாஷர் செட் எனக்கு நாற்பது ரூபாய்க்குக் கிடைத்தது. நடுக்காட்டில் மாட்டிக்கொண்டால் தவிர அந்த வித்தைக்கு இங்கே வேலை இல்லை.

வாஷர் வேலையில் தவறு நடப்பது முடுக்குவதில். ஒழுகுகிறது என்று இன்னொரு கால் சுற்று, இன்னொரு கால் சுற்று என்று இழுப்பார்கள். உள்ளே துளையுள்ள போல்ட் அது. கழுத்தில் அறுந்தால் பாதி டர்போவுக்குள் நிற்கும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சர்வீஸ் மேனுவலில் உங்கள் இன்ஜினுக்கு உரிய எண் இருக்கும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து அதற்கு மட்டும் முடுக்க வேண்டும். கண்ணின் இரண்டு முகத்திலும் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் அலுமினியம் போட்டிருந்தால் அலுமினியம், செம்பு போட்டிருந்தால் செம்பு. விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கடைக்காரர் கொடுப்பதை வாங்கக் கூடாது.

ஆனால் வாஷருக்கு மட்டும் போனால் ஒன்று விட்டுப்போகும். பத்து வருடக் குழாயின் உள்ளே எவ்வளவு கரி என்று உங்களுக்குத் தெரியாது. வளைந்த குழாய், வெளிச்சம் அடித்தால் மறுமுனை தெரியாது. ஊதினால் காற்று போகும்; பாதி அடைத்த குழாயிலும் போகும். கம்பி விட்டுக் குத்தினால் இன்னும் மோசம், ஒட்டியிருந்த கரியைத் தளர்த்தி டர்போவுக்கு நாமே அனுப்பிவைப்போம்.

என் மெக்கானிக் அண்ணன் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “வாசர மட்டும் மாத்திக் குடுத்தர்றேனுங்க தம்பி, எனக்கென்ன. அப்பறம் டர்போ போச்சுன்னு எங்கிட்டயேதான் வருவீங்க.” கூலிக் கணக்கையும் அவரே சொன்னார். வெப்பத் தகட்டைக் கழற்றி, கை நுழையாத இடத்தில் இரண்டு போல்ட்டை எடுத்து மறுபடி பூட்ட வேண்டும். வாஷர் என்றாலும் பைப் என்றாலும் ஹோஸ் என்றாலும் அந்தக் கூலி மாறாது. அப்படியென்றால் நாற்பது ரூபாய்க்கும் பைப்பின் விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேள்வி. எனக்குச் சொன்ன விலை இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. தண்டும் புஷ்ஷும் உள்ள டர்போவின் நடுப்பகுதி, அதாவது கோர், போனால் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல்.

இப்போது ஹோஸ். கேட்கும்போது இதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். இரும்புக் குழாய் அதிர்வில் வெடித்தது, ரப்பர் ஹோஸ் வளையும், வெடிக்காது. கடைக்காரர் கால் அங்குல ஹோஸை எடுத்துக் காட்டி, 400 பார் தாங்கும் சார் என்பார். பொய் இல்லை. இரண்டு கம்பிப் பின்னல் உள்ள ஹைட்ராலிக் ஹோஸ் அவ்வளவு தாங்கும். ஆனால் நமக்கு வேண்டியது 4 பார். அந்த ஹோஸின் மேலேயே அச்சடித்திருக்கும் ஆர்1, ஆர்2 என்ற தர வகைகளுக்குப் பொதுவான சூட்டு வரம்பு 100 டிகிரி. உள்பூச்சு நைட்ரைல் ரப்பர். டர்போவுக்குப் பக்கத்தில் அது முதலில் கெட்டியாகும், பிறகு உள்பக்கம் பொருக்குப் பொருக்காக உதிரும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரியே இருக்கும், ஒரு சொட்டும் ஒழுகாது. உள்ளே ரப்பர் துணுக்கு டர்போவுக்குப் போய்க்கொண்டிருக்கும். எனக்குச் சொன்ன ஐந்து வழியில் நான் அதிகம் பயந்தது இதற்குத்தான், எம்சீலுக்கு அல்ல. எம்சீல் கழன்றது ஓட்டும்போது தெரியாவிட்டாலும், வண்டி நின்ற இடத்தில் ஒழுகிக் காட்டிவிடும்.

ஹோஸே வேண்டும் என்றால் கேட்க வேண்டியது டெஃப்லான் ஹோஸ்: உள்ளே டெஃப்லான் குழாய், மேலே ஸ்டெயின்லெஸ் பின்னல். ஆர்14 என்ற தரம். அதன் வரம்பு 204 டிகிரி. பம்ப் பட்டறைகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் செய்து கொடுக்கும் ஹோஸ் கடைகளில் கிடைக்கும், முனையையும் அங்கேயே கிரிம்ப் செய்து, அதாவது நசுக்கிப் பிடிக்கவைத்து, கொடுப்பார்கள். ரேஸ் வண்டிகளுக்கு விற்கும் பின்னல் ஹோஸ் செட்டுகளிலும் இரண்டு வகை உண்டு, ரப்பர் உள்பூச்சு, டெஃப்லான் உள்பூச்சு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். படத்தைப் பார்த்து ஆர்டர் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

டெஃப்லான் என்று உறுதியான பிறகும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஹோஸை வெட்டுவது பெரும்பாலும் கிரைண்டர் சக்கரத்தில்; கல் தூளும் கம்பித் துகளும் உள்ளே கிடக்கும். கிரிம்ப் செய்து வந்ததும் தின்னர் ஊற்றிக் கழுவி, இரண்டு பக்கத்திலிருந்தும் காற்றடிக்காமல் மாட்டவே கூடாது. அடுத்து, ஸ்டீல் பின்னல் ஓர் அரம் மாதிரி. உரசும் இடத்தில் வயரையோ அலுமினியக் குழாயையோ சில மாதத்தில் அறுத்துவிடும். மேலே வெப்ப உறை போட்டுக் கிளிப்பில் நிறுத்த வேண்டும். கடைசியாக பேஞ்சோ போல்ட். சில இன்ஜின்களில் ஆயில் அளவைக் கட்டுப்படுத்தும் குறுகிய துளை அந்த போல்ட்டிலேயே இருக்கும். கடைக்காரர் செட்டோடு தரும் போல்ட்டில் துளை பெரிது என்றால் டர்போவுக்குத் தேவைக்கு மேல் ஆயில் போகும். டர்போ தண்டில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் போன்ற வளையம். அதிக ஆயிலை அதனால் நிறுத்த முடியாது. சைலன்சரில் நீலப் புகை வரும், டர்போ போய்விட்டது என்று ஊரே சொல்லும். புஷ்ஷுக்குப் பதில் பால் பேரிங் வைத்த டர்போ என்றால் இந்த அளவுக் கட்டுப்பாடு இன்னும் முக்கியம்.

பழைய போல்ட்டையே மறுபடி போடுவதாக இருந்தாலும் அதன் உள்ளே பாருங்கள். சில கார்களில் அதற்குள் ஒரு சல்லடை இருக்கும். பியூஜோ சிட்ரோயென் குழுமமும் ஃபோர்டும் பயன்படுத்திய 1.6 லிட்டர் டீசல் இன்ஜினில் டர்போ அடிக்கடி போனதற்குப் பெயர்பெற்ற காரணங்களில் ஒன்று இந்தச் சல்லடை அடைத்தது. இன்ஜெக்டர் வாஷர் கசிந்து, புகைக்கரி ஆயிலில் கலந்து, அது வந்து சல்லடையில் குவியும். புது டர்போ போட்டவர்கள் சல்லடையைக் கவனிக்காமல் விட்டு, அதுவும் போய், மூன்றாவது வாங்கிய கதைகள் உண்டு. சுபாருவின் டர்போ பெட்ரோல் இன்ஜின்களிலும் இப்படிச் சல்லடை வைத்த போல்ட் உண்டு. அதை எடுத்துவிடலாமா கூடாதா என்று உரிமையாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என் வண்டியில் சல்லடை இல்லை.

ஆக, என் மனக்கணக்கு இப்படி வந்தது. குழாய் புதுசாக, இரண்டு மூன்று வருடத்துக்குள் போட்டதாக இருந்து, வாஷரில் மட்டும் வேர்த்தால் வாஷர் போதும். குழாய் பழசு என்றால், வெடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரிஜினல் பைப். அது கிடைக்காவிட்டால், அல்லது இன்ஜினையோ டர்போவையோ மாற்றிப் பழைய வளைவு பொருந்தாத வண்டி என்றால், டெஃப்லான் ஹோஸ். மெல்லிய இரும்புக் குழாயைப் பார்த்தால் கம்பெனிக்காரன் மிச்சம் பிடித்திருக்கிறான் என்று தோன்றும். உண்மையில் அந்த இடத்துக்கு அதுதான் சரியான பொருள். அதன் சுவரிலிருந்து எதுவும் உதிராது.

ஆனால் அதே பைப்பை மறுபடி போட்டால் மறுபடி வெடிக்காதா? இதற்கு விடை வண்டியிலேயே இருந்தது. புது பைப்பின் நடுவில் ஒரு சின்ன பிராக்கெட், ஒரு போல்ட் போட்டு இன்ஜினோடு பிடிப்பதற்கு. பழைய பைப்பிலும் பிராக்கெட் இருந்தது, போல்ட்தான் இல்லை. முன்பு எப்போதோ ஒரு வேலையின்போது கழற்றியவர்கள், கை எட்டாத இடம் என்று போடாமல் விட்டிருக்கிறார்கள். நடுவில் பிடிப்பில்லாத குழாய் இன்ஜின் அதிரும்போதெல்லாம் முனையில் வளைந்து வளைந்து, காலர் ஓரத்தில் வெடித்திருக்கிறது. பத்து ரூபாய் போல்ட். நீங்கள் ஹோஸுக்கு மாறும் முன் அந்த போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

பைப் வருவதற்கு நான்கு நாள் ஆனது. அதுவரை ஓட்டலாமா என்று மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். வேர்த்து ஒரு சொட்டு விழுகிற அளவு என்றால் தினமும் டிப்ஸ்டிக் பார்த்துக்கொண்டு பட்டறை வரை மெதுவாகப் போகலாம், பானெட்டிலிருந்து புகை வந்தால் டோ செய்துதான் கொண்டுவர வேண்டும், சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்றார். குழாயிலேயே வெடிப்பு இருந்ததால் நான் பேருந்தில் போனேன்.

மாட்டும்போது ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றினோம். டர்போ முனையை முடுக்கும் முன், அதன் ஆயில் துளையில் புது ஆயிலைச் சில சொட்டு விட்டார் அண்ணன். பிறகு இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினார், ஆயில் விளக்கு அணையும்வரை. காலியான குழாயில் ஆயில் நிரம்பும் முன் இன்ஜின் பிடித்தால் தண்டு வறண்டு சுற்றும் என்பதால். அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிடம்.

பழைய பைப்பை நான் கேட்டு வாங்கிவந்தேன். வீட்டில் ஹேக்ஸா வைத்து டர்போ பக்க முனையில் குறுக்கே அறுத்தேன். இரும்புச் சுவரை ஒட்டி உள்ளே சுற்றிலும் கறுப்பாக, கண்ணாடி மாதிரி இறுகின கரி. நடுவில் மிச்சம் இருந்த வழியில் பால்பாயின்ட் ரீஃபில்லை விட்டுப் பார்த்தேன், நுழையவில்லை. பிளாக் பக்க முனையில் அதே ரீஃபில் தாராளமாகப் போனது.